புறா ஒன்றல்ல, இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் அயர்லாந்துத் துறவி கொலம்பானுஸைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில், அவர் 563-ல் ஸ்காட்லாந்துக் கரையோரம் அயோனா தீவில் மடம் கட்டியதாகப் போட்டிருக்கிறீர்கள். அது வேறு ஆள் சார். அவர் பெயர் கொலம்பா. இரண்டு பேரும் ஐரிஷ்காரர்கள், ஒரே நூற்றாண்டுக்காரர்கள், இரண்டு பெயரிலும் லத்தீன் மொழிப் புறா உட்கார்ந்திருக்கிறது, ஆக குழம்புவது சகஜம்தான். ஆனால் அயோனாக்காரர் 597-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை 615-ல் இத்தாலியின் பொப்பியோவில் இன்னொரு தடவை சாகவைத்தது கொஞ்சம் அதிகம்.

கொலம்பானுஸ் அயர்லாந்தின் பாங்கர் மடத்தில் இருந்தவர். 590 வாக்கில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி இன்றைய பிரான்சுக்குப் போய் வோஜ் மலைக்காட்டில் மடங்கள் எழுப்பினார். கரடி அவருக்குக் குகையை விட்டுக்கொடுத்த கதையை விரிவாகவே எழுதிவிட்டீர்கள், சரி. ராஜாவோடு அவர் மோதியதற்கு ஒரே வரிதானா? தியூடெரிக் மன்னன் கல்யாணம் செய்துகொள்ளாமல் பெண்களை வைத்திருந்ததை நேரடியாகவே கண்டித்தவர் அவர். மன்னனின் பாட்டி புரூன்ஹில்டா, அந்தப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஆசீர்வதிக்கச் சொன்னபோது, இவர்கள் செங்கோல் பிடிக்கப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்புறம் விட்டுவைப்பார்களா? 610-ல் நாந்த் துறைமுகம் வரை காவலோடு கொண்டுபோய் ஊருக்கே கப்பலேற்றிவிடப் பார்த்தார்கள். கப்பலை அலை திரும்பக் கரைக்கே தள்ளிவிட்டதாக, அவர் வரலாற்றை எழுதிய யோனாஸ் சொல்கிறார். ஈஸ்டர் தேதி விஷயத்திலும் அப்படித்தான், ஐரிஷ் கணக்குதான் சரி என்று பாப்பரசர் கிரகோரிக்கே கடிதம் எழுதி வாதாடியிருக்கிறார். பெயர்தான் புறா.

நீங்கள் மொத்தமாக விட்டது காலுஸை. 612-ல் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குக் கிளம்பும் நேரம், கூடவே வந்த சீடர் காலுஸுக்குக் காய்ச்சல், நடக்க முடியவில்லை. சாக்குச் சொல்கிறார் என்று குருவுக்குச் சந்தேகம். இரு, ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை நீ திருப்பலி நிறைவேற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலுஸும் வாய் திறக்காமல் அதற்குக் கட்டுப்பட்டார். மூன்று வருடம் கழித்து சாகும் தறுவாயில், மன்னித்துவிட்டதற்கு அடையாளமாகத் தன் கைக்கோலைக் காலுஸிடம் சேர்க்கச் சொன்னாராம். காலுஸின் வரலாற்றில் வருகிறது இது. சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் நகரம் இந்தக் காலுஸின் பெயரில் இருப்பதுதான். கரடியைவிட இதற்கல்லவா நாலு வரி அதிகம் கொடுத்திருக்க வேண்டும்?

கொலம்பானுஸ் திருநாள் நவம்பர் 23. அதற்குள் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். படத்தையும் மாற்றிவிடுங்கள், அதுவும் அயோனாதான்.

இப்படிக்கு,
பழைய வாசகன்