கனடாவின் பிரம்ரன் மாநகரசபைக்கு: மருத்துவமனை வரி குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரபிதா அவர்களுக்கும் மாநகரசபை உறுப்பினர்களுக்கும்,

பீல் மெமோரியல் வளாகத்தில் அமையவிருக்கும் இரண்டாவது மருத்துவமனைக்காக நகரம் 125 மில்லியன் டொலர் வரை வழங்கும் என்று நீங்கள் எடுத்த முடிவை நான் ஆதரிக்கிறேன். அதற்கென்று சொத்துவரியோடு அறவிடப்படும் மேலதிக வரியையும் மனமுவந்தே செலுத்துகிறேன். நான் எழுதுவது, அந்தப் பணம் எந்த உறுதிமொழியின் பேரில் கைமாறுகிறது என்பதைப் பற்றி.

இந்த மருத்துவமனை தேவையா என்று இந்நகரில் எவரும் கேட்பதில்லை. 2007இல் பிரம்ரன் சிவிக் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, 1925 முதல் இயங்கிவந்த பழைய பீல் மெமோரியல் மூடப்பட்டது. 2006இல் 433,806 ஆக இருந்த மக்கள்தொகை 2021இல் 656,480 ஆகிவிட்ட பின்னும் நமக்கு முழுமையான மருத்துவமனை ஒன்றுதான். 2016-17இல் ஒரே ஆண்டுக்குள் 4,352 நோயாளர்கள் அங்கே நடைபாதைகளில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். 2020 ஜனவரியில் இதே சபை சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தது.

கட்டுமானச் செலவில் தொண்ணூறு வீதத்தை ஒன்ராறியோ மாகாண அரசு ஏற்கும் என்றதும், எஞ்சிய பத்து வீதம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் படுக்கை, ஸ்கேன் இயந்திரம், அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் கருவிகள் என்று கட்டடத்துக்குள் வைக்க வேண்டியவற்றின் செலவும் உள்ளூர்ப் பங்கிலேயே விழுகிறது. அப்படித்தான் நமது பங்கு 250 மில்லியன் டொலர் ஆயிற்று. அதில் பாதியை நகரமும், மறுபாதியை மருத்துவமனை அறக்கட்டளை நன்கொடையாகவும் திரட்ட வேண்டியிருக்கிறது.

இந்தச் சுமை யார் தோளில் விழுகிறது என்பதைச் சபை மறக்கலாகாது. ஊர் பெருகுவதால்தான் படுக்கைகள் போதாமற் போயின. ஆயினும், புதிதாக வீடு கட்டி விற்கும் நிறுவனங்களிடம் வீதிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அறவிடப்படும் அபிவிருத்திக் கட்டணத்தை மருத்துவமனைக்கென்று அறவிட மாகாணச் சட்டம் இடம் தருவதில்லை. மிஞ்சுவது சொத்துவரி. அது வருமானத்தைப் பாராமல், 2016இன் தொடக்கத்து வீட்டு மதிப்பைப் பார்த்து விதிக்கப்படுகிறது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பித் தனித்து வாழும் மூதாட்டியும், அதே மதிப்புள்ள வீட்டில் நான்கு பேர் உழைக்கும் குடும்பமும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். பேஸ்மென்ரில் குடியிருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார், அவர் பெயரில் பற்றுச்சீட்டும் வராது. மருத்துவம் மாகாணத்தின் பொறுப்பு. வருமான வரி வாங்கும் அதிகாரமும் மாகாணத்திடம் உண்டு, நகரத்திடம் இல்லை. இந்தப் பங்கீட்டு முறையே நீதியற்றது என்பதைச் சபை குயின்ஸ் பார்க்குக்கு, அதாவது மாகாண அரசுக்கு, எழுத்தில் சொல்ல வேண்டும். பணத்தைக் கொடுத்துக்கொண்டே சொல்வதில் தவறில்லை.

இதைவிட என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. பழைய மருத்துவமனையின் இடத்தில் எழுந்த புதிய பீல் மெமோரியலின் முதற்கட்டத்துக்கும் நகரமக்கள் 2012 முதல் மேலதிக வரி கட்டினார்கள். 2017இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் பயனுள்ளதுதான், பகல்நேரச் சிகிச்சைகள் பல அங்கே நடக்கின்றன. ஆனால் நோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் படுக்கைகளோ, இருபத்துநான்கு மணிநேர அவசரப் பிரிவோ இல்லாமலே அது திறக்கப்பட்டது. "மருத்துவமனை வரி" என்று கேட்டுக் கட்டியவர்கள் நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் மறுபடியும் சிவிக்கின் வாசலுக்கே போக வேண்டியிருந்தது.

ஆகவே, இம்முறை நகரத்தின் பணம் தவணை தவணையாகவே விடுவிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தவணையும் கட்டுமானத்தின் ஒரு கட்டம் நிறைவேறியதோடு பிணைக்கப்பட வேண்டும். மாகாணம் 2021இல் அறிவித்த 250 படுக்கைகளில் எத்தனை எந்த ஆண்டில் நோயாளருக்குத் திறக்கப்படும், முழுமையான அவசரப் பிரிவு எப்போது இயங்கும் என்பவற்றை இம்மருத்துவமனைகளை நடத்தும் வில்லியம் ஒஸ்லர் சுகாதார நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்று, மக்கள் பார்வைக்கு வையுங்கள். சேரும் தொகை தனிக் கணக்கில் இருக்கட்டும், வட்டியும் அதிலேயே சேரட்டும். நகரத்தின் பங்கு நிறைவுற்ற ஆண்டிலேயே அந்த வரி நிறுத்தப்படட்டும். பொதுவரிக்குள் சத்தமின்றிக் கரைந்துவிடக் கூடாது.

அடுத்த வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில், இதுவரை சேர்ந்த தொகை, கொடுக்கப்பட்ட தொகை, எஞ்சிய தொகை ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுச் சபையில் சமர்ப்பிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரம்ரன் வரியிறுப்பாளர் ஒருவர்