பத்து மூட்டைக்கும் இடமிருந்தது

ஆசிரியருக்கு,

நீடாமங்கலத்திலிருந்து 42 வேகன்களில் 2,000 டன் நெல் அரவைக்குப் போனதாக அடிக்கடி செய்தி வருகிறது. சந்தோஷம். ஆனால் அது அரசு கொள்முதல் செய்த நெல், விவசாயி ஏற்றியதல்ல.

மீட்டர் கேஜ் காலத்தில் அப்பா பத்து மூட்டை உளுந்தை மாட்டுவண்டியில் கொண்டுபோய், கூட்ஸ் ஷெட்டில் எடை போட்டு, ரயில்வே ரசீது வாங்கி வருவார். அதைத் தபாலில் அனுப்பினால் வெளியூர் வியாபாரி அங்கே சரக்கை எடுத்துக்கொள்வார். (வேகனுக்காகக் காத்துக் கிடந்தது தனிக்கதை!) அப்புறம் ஒரு ரயில் முழுக்க ஏற்றும் சரக்குக்கே முன்னுரிமை என்றானது; பத்து மூட்டைக்கு இடமில்லாமல் போனது. சரக்கு வேகன்கள் நிற்கும் பக்கத் தண்டவாளமான சைடிங்கில் புல் மண்டியது.

விவசாயிகளின் விளைபொருளுக்கென 2020-இல் வந்த கிசான் ரயிலில் காய்கறி, பழங்களைச் சிறு அளவிலும் ஏற்ற முடிந்தது. டெல்டா பயணிகள் ரயிலிலும் அப்படி ஒரு சரக்குப் பெட்டியை இணைக்கலாமே?

– ஒரு வாசகர், மன்னார்குடி