தொலைபேசியில் கேட்ட வெடிச் சத்தம்

மவுண்ட் ஹோரெப், விஸ்கான்சின்
26.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது கேட்டது பட்டாசா என்று விசாரித்தீர்கள். பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அது துப்பாக்கிச் சத்தம்தான். நீங்கள் இருவரும் கவலைப்படக் கூடாது என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, ஒன்பது நாள்கள் இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடலாம். வில்லாளிகளுக்குச் செப்டம்பர் மத்தியிலேயே பருவம் திறந்துவிடும். கரடி வேட்டை உரிமத்துக்கோ குலுக்கல், சில பகுதிகளில் பெயர் வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மானைத் தொட்டாலே வழக்கு; இங்கே மான் பெருகி, பயிரையும் சாலையில் போகும் காரையும் பதம் பார்க்கிறது.

அதற்காகத் துப்பாக்கி உள்ளவரெல்லாம் காட்டில் இறங்கிவிட முடியாது. மாநில இயற்கை வளத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு 24 டாலர், வெளிமாநிலத்தவருக்கு அதைப்போல் பல மடங்கு. 1973 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், பெரும்பாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய சான்றிதழையும் காட்ட வேண்டும். நீங்கள் 1958-இல் பிறந்தவர் என்றதும், அப்படியானால் உங்களுக்கு வகுப்பே தேவையில்லை என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அம்மா சிரிப்பது இங்கே கேட்கிறது.

சனிக்கிழமை விடியுமுன் வேட்டைக்குக் கிளம்பிய அவர், பழுப்புக் கோட்டுடன் நடைக்குப் புறப்பட்ட என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, கண் கூசும் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேலங்கி ஒன்றை மாட்டிவிட்டார். வேட்டையாடுபவர் இடுப்புக்கு மேல் அணிவதில் பாதியாவது அந்த நிறத்திலோ பளிச்சென்ற இளஞ்சிவப்பிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பவரை அது கட்டுப்படுத்தாதுதான். ஆனால் இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே பழுப்பாக அசைவதெல்லாம் மான் போலத்தானே தெரியும்!

அன்று மாலை கொம்பு மான் ஒன்றுடன் திரும்பினார். மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், குளிரில் விறைத்த விரலால் கைபேசியில் வேட்டை அனுமதி எண்ணை மூன்று முறை தப்பும் தவறுமாகத் தட்டி, ஒருவழியாகப் பதிந்து முடித்தார். மான்களின் மூளையைச் சிதைக்கும் ஒரு நோய் 2002-இல் இந்த ஊர்ப் பக்கத்தில்தான் மாநிலத்திலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆகவே தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வைத்திருக்கிறார். அதை விற்கக் கூடாது, கொடுக்கலாம். எனக்கும் இரண்டு பொட்டலம் ஒதுக்கியிருக்கிறார். முடிவு நல்லபடியாக வந்தால் சமைக்க வேண்டுமே. அம்மாவின் மிளகுக் கறிப் பக்குவத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்