ரெக்கார்டு நோட்டில் ஒரு டி-பஸ் புரோகிராம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் சாயங்காலம் கடைக்கு வருவார்கள். அவர்களுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஃபேக்டோரியல் கணக்கிட்டு விடை காட்டியதோடு புரோகிராம் முடிந்துவிடுகிறது. சி++ புரோகிராமைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடம் இருக்கிறது, சரி. ஓட்டுவது வேறு, பேசுவது வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டுப் பேசும் பயிற்சி ஒன்றுகூட இல்லை.

போன மாதம், லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப்பில் அவர்களுக்கு டி-பஸ்ஸைக் காட்டினேன். ஒரு புரோகிராம் அனுப்பும் செய்தியை இன்னொன்றிடம் சேர்ப்பதுதான் அதன் வேலை. 2006-இல் 1.0 பதிப்பு வந்தது. வைஃபையை இணைக்கும் நெட்வொர்க்மேனேஜர்கூட இதன் வழியாகத்தான் மற்ற புரோகிராம்களோடு பேசுகிறது. ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். மூன்றாவது மாடி ஏறி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ‘அக்கா, ஒரு குடம் குடுங்க’ என்று கேட்டு வாங்கி வந்தால் அது மெத்தட் கால், அதாவது நேரடி அழைப்பு. கீழே நின்று ‘தண்ணி லாரி வந்துருச்சு’ என்று குரல் கொடுத்தால் அது சிக்னல். வேண்டியவர்கள் இறங்கி வருவார்கள். குரல் கொடுத்தவர் யார் பதிலுக்கும் காத்திருப்பதில்லை.

அப்புறம் எழுத உட்கார்ந்தோம். திரை மூலையில் அறிவிப்புப் பெட்டி ஒன்றை வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வரி போதும். முதலில் ஓட்டியபோது, அறிவிப்பு காட்டும் புரோகிராமை நாங்கள் கூப்பிட்ட பெயரில் யாருமே இல்லை என்று பிழை வந்தது. ஒரு மாணவி எழுத்தெழுத்தாகப் பார்த்து, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்பதில் கடைசி ‘எஸ்’ விட்டுப்போனதைக் கண்டுபிடித்தாள். அடுத்த பிழை: ‘நோட்டிஃபை’ மெத்தட் எட்டு மதிப்புகள் கேட்கிறது, நாங்கள் கொடுத்தது ஏழு. எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்ற எட்டாவது மதிப்புக்கு -1 (‘நீயே முடிவு செய்துகொள்’ என்று அர்த்தம்) போட்டதும் ‘தண்ணி லாரி வந்தாச்சு’ என்று பெட்டி வந்து நின்றது. அந்த அழைப்பு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அடுத்த அழைப்பில் அந்த எண்ணையே இரண்டாவது மதிப்பாகக் கொடுத்தால், புதுப் பெட்டி வராமல் பழைய பெட்டியிலேயே வாசகம் மாறும். அதை நான் சொன்னதும் அவளே மாற்றி எழுதினாள்: ‘லாரி கிளம்பிடுச்சு’. அன்றைக்கு எட்டரை மணிக்குக் கடையைச் சாத்தும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

செய்முறைப் பயிற்சிகளில் இப்படி ஒன்றையாவது சேர்க்கும்படி பாடத்திட்டம் வகுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய கணினி வாங்க வேண்டியதில்லை, லினக்ஸுக்குக் காசும் இல்லை. ஆசிரியர்கள் யாராவது பார்க்க விரும்பினால், அந்த லேப்டாப்பிலேயே உட்கார்ந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை-39