கடலடிச் சேற்றையும் கொஞ்சம் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல் நிறம் மாறிய செய்தி என்றாலே நம் பத்திரிகைகள், உங்களுடையதும் சேர்த்துத்தான், ‘திடீரென’ என்று ஆரம்பிக்கின்றன. அடுத்த வரியிலேயே கழிவுநீர் மேல் பழி. கழிவுநீருக்குப் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை, பல இடங்களில் பாசிக்கு உரம் போடுவதே அதுதான். ஆனால் வயலில் களையை எத்தனை முறை பிடுங்கினாலும் விதை மண்ணில் கிடப்பதுபோல, சில நுண்பாசிகளின் விதை கடலடிச் சேற்றில் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இதைத் தோண்டித் துருவிப் பார்த்த இடம் அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் மெயின் வளைகுடா. அங்கே அலெக்சாண்ட்ரியம் என்றொரு நுண்பாசி, சாக்ஸிடாக்சின் என்ற நரம்பு விஷத்தை உண்டாக்குவது. வசந்தத்திலும் கோடையிலும் பெருகும், தண்ணீரில் சத்து தீர்ந்ததும் இரண்டிரண்டு செல்களாகக் கூடி, தடித்த ஓடு போட்ட உறைக்கூடாக மாறி அடியில் போய்ப் படிந்துவிடும். வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் டொனால்டு ஆண்டர்சனும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாக இந்த உறைக்கூடுகளை எண்ணி வருகிறார்கள். குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, மேலே உள்ள சில சென்டிமீட்டரை மட்டும் வெட்டி, மெல்லிய சல்லடையில் அலசி, பிரிமுலின் என்ற சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியில் வைத்தால், இரு முனையும் மழுங்கிய நீள்வட்டங்கள் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. பொறுமைசாலிகள் வேலை.

படிந்த உடனே அது முளைக்காது. சில மாதம் தூங்கியே ஆக வேண்டும். அப்புறமும் ஆக்சிஜன் வேண்டும், அதனால் ஆழத்தில் புதைந்தது அப்படியே கிடக்கும். புயலோ வேறு எதுவோ சேற்றைக் கிளறினால்தான் அதற்கு வழி. நூறு மீட்டருக்குக் கீழே வெளிச்சமும் இல்லை, வெப்பநிலையும் பெரிதாக மாறாது. பின்னே வசந்தம் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? ஆய்வகத்தில் ஒரே குளிரில் இருட்டில் வைத்திருந்தும் ஆண்டுக்கொரு முறை முளைக்கும் தாளம் தப்பவில்லை என்று 1987-இல் ஆண்டர்சன் காட்டினார். செல்லுக்குள்ளேயே ஒரு கடிகாரம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

1972 செப்டம்பரில் கேரி என்ற புயலை ஒட்டி இந்தப் பாசி தெற்கே மாசசூசெட்ஸ் வரை பரவியது. அதுவரை அந்தப் பக்கம் பெரிதாகத் தலைகாட்டாத விஷம், கூடுகள் சேற்றில் படிந்தபின் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. 2004 இலையுதிர் காலத்தில் கூடுகள் ஏராளமாகக் கிடந்தன, 2005-இல் புயல் காற்றும் சேர்ந்துகொள்ள, 1972-க்குப் பிறகு அதுவரை காணாத பெருக்கம். சரி, கூட்டை எண்ணினால் போதும், ஜோசியம் சொல்லிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2009-இல் அதுவரை இல்லாத எண்ணிக்கை, 2010-இல் பெரிய பெருக்கம் வரும் என்றார்கள், வரவில்லை. தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகவும் சத்துக் குறைவாகவும் இருந்துவிட்டது. விதை இருந்தும் விளைச்சல் இல்லை.

பாம்பன் பக்கம் 2019-இல் கடலைப் பச்சையாக்கி மீன்களைச் சாகடித்த நாக்டிலூக்கா வேறு வகை. அது இப்படிக் கூடு கட்டுவதாக நிறுவப்படவில்லை, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் விஷப்பாசியைத் தின்னும் மட்டியில் சேர்ந்து, அதைச் சாப்பிடுகிறவரைத் தாக்கும் மட்டி விஷம் நமக்கு அந்நியம் இல்லை. 1981-இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள். டாஸ்மேனியாவில் இதே விஷம் உள்ள இன்னொரு பாசியின் கூடுகளைச் சேற்று அடுக்குகளில் தேடியபோது 1970-களுக்கு முந்தைய அடுக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை, கப்பல் ஆடாமல் நிற்க ஒரு துறைமுகத்தில் ஏற்றி இன்னொன்றில் கொட்டும் பேலஸ்ட் தண்ணீரில் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஒரே ஒரு கப்பல் தொட்டியில் 30 கோடிக்கும் மேல் அலெக்சாண்ட்ரியம் கூடுகள் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பேலஸ்ட் தண்ணீருக்கான சர்வதேச ஒப்பந்தம் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள், எத்தனை கப்பல்கள் நம் துறைமுகங்களில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போயிருக்கும்!

நிறம் மாறிய பிறகு பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதைப் படம் போடுகிறீர்கள், நல்லது. அடுத்த முறை எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ தூர்வாரும் செய்தி வரும்போது, அள்ளிய சேற்றில் உறைக்கூடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள் என்று உங்கள் நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி