விறகு விற்கும் நம் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் மூலைக்கடையும் பெற்றோல் நிலையமும் நடத்தும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

நான் கென்ற் பக்கத்தில் ஒரு விறகு யார்டில் வேலை செய்கிறேன். மரத்தைப் பிளந்து, அடுக்கி, காயவிட்டு, பெரிய பைகளில் நிரப்பி லொறியில் ஏற்றுவதுதான் என் வேலை. ஊரில் விறகுகாலை என்போமே, அதேதான். இங்கே கோடாலிக்குப் பதில் இயந்திரம். ஒக்டோபர் பிறந்தால் உங்கள் கடை வாசலில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், வலைப்பை விறகும் வந்து உட்கார்ந்துவிடும். அந்த விறகைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மார்கழியில் பெரியம்மா வீட்டுக்குப் போகிற வழியில் நம்மவர் கடையொன்றில் இரண்டு வலைப்பை வாங்கினேன். பையில் எந்த லேபலும் இல்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் கட்டையின் வெட்டுமுகத்தில் சவர்க்கார நுரைபோலக் குமிழ் தள்ளியது. உஸ்ஸென்று இரைச்சல். கால் மணி நேரத்தில் அடுப்பின் கண்ணாடிக் கதவு கறுத்துவிட்டது. பெரியம்மாவுக்குத் தொய்வு வருத்தம், ஆஸ்துமா. "இது பச்சை விறகடா தம்பி, அணைச்சு விடு" என்று சொல்லும்போதே அவவுக்கு இருமல் தொடங்கிவிட்டது. அன்றிரவு மூச்சுக்கு இழுக்கும் பம்ப் கையோடுதான் படுத்தா.

மிச்சக் கட்டையொன்றை யார்டுக்குக் கொண்டுபோனேன். கட்டையின் தோலில் ஈரம் பார்க்கும் மீற்றரின் ஊசியைக் குத்தினால் 18 வீதம் காட்டியது. நடுவில் பிளந்து புதிய முகத்தில் குத்தினால் 34. வெளியே தொட்டால் காய்ந்த கட்டை, உள்ளே ஈரம். அந்தக் கடைக்காரரும் தொட்டுப் பார்த்து நம்பித்தான் வாங்கியிருப்பார். அதனால்தான் அவரோடு சண்டைக்குப் போகாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

2021 மே 1 முதல் இங்கிலாந்தில் இரண்டு கன மீற்றருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கான அத்தாட்சி இருக்க வேண்டும். 'ரெடி டு பேர்ன்' (எரிக்கத் தயார்) என்ற முத்திரையும் விநியோகித்தவரின் பெயரும் அத்தாட்சி எண்ணும் பையில் இருக்க வேண்டும். சின்ன யார்டுகளுக்கு ஒரு வருடம் கூடுதல் தவணை கொடுத்தார்கள்; அதுவும் 2022 மேயோடு முடிந்துவிட்டது. இது மரம் வெட்டுகிறவனுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கல்லாவில் காசு வாங்கி விற்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. கவுன்சில்காரர் வந்து பிடித்தால் 300 பவுண் தண்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கன மீற்றர் என்று விற்கிற பெரிய பல்க் பையும் இரண்டு கன மீற்றருக்குள்தான் வருகிறது. அதுவும் காய்ந்ததாகவே இருக்க வேண்டும். இரண்டுக்கு மேல் மொத்தமாக வாங்கினால் ஈர விறகு தரலாம், எப்படிக் காயவைப்பது என்று எழுதிக் கொடுத்தால் போதும். சிலர் அப்படி மலிவாக எடுத்து, கடைக்குப் பின்னால் வைத்து வலைப்பைகளில் பிரித்துப் போடுகிறார்கள். பிரித்த நிமிடமே அது அத்தாட்சி வேண்டிய விறகாகிவிடுகிறது. வான் வண்டியில் கொண்டுவந்து, "ஓகஸ்ற்றில் வெட்டினது, நல்லாக் காய்ஞ்சது" என்று பை ஒன்றுக்கு ஒரு பவுண் குறைத்துத் தருகிறவரை நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஓகஸ்ற்றில் வெட்டிய மரம் ஒக்டோபரில் காயுமா என்று கணக்குப் பாருங்கள். பச்சை ஓக் மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். 100 கிலோ கட்டை 20 வீதத்துக்கு வர வேண்டுமென்றால் 37 கிலோவுக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். ஐந்து லீற்றர் போத்தல் ஏழும், அதற்கு மேலும். யார்டில் நாங்கள் ஓக்கைப் பிளந்து, பலெற் என்ற மரத்தட்டின் மேல் நிலம் படாமல் அடுக்கி, மேலே மட்டும் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுகிறோம். அப்படி இருந்தும் இரண்டு கோடை போக வேண்டியிருக்கிறது. ஆஷ் மரத்தில் பிறவியிலேயே ஈரம் குறைவு, அது ஒரு வருடத்தில் வந்துவிடும். 2012இல் ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து நோய் பிடித்த ஆஷ் நிறைய வெட்டப்படுகிறது. "ஆஷைப் பச்சையாகவே எரிக்கலாம்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. தீப் பிடிக்கும்தான், ஆனால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத்தான் வாடிக்கையாளர் உங்களுக்குக் காசு தருகிறார்.

முழுதாக எரியாத புகை மேலே போய்ப் புகைபோக்கியில் தாராகப் படிகிறது. ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கிறது. மிச்சம் தெருவில் இறங்குகிறது. லண்டனில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1952 மார்கழியில் புகைமூட்டம் நகரத்தை மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உங்கள் கடைக்கு மேல் மாடியிலும் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

வாங்கிய பிறகு கெட்டுப்போகிற விறகும் உண்டு, அது எனக்கு இன்னும் மனவருத்தம். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துக் காயவைத்த கட்டையை ஒரு கடை வாசலில் மழையில் கண்டேன். வலைப்பைக்கு மேல் ஒரு மறைப்பும் இல்லை. அடிப்பை தண்ணீரில் நின்றது. உலையில் காயவைத்த விறகும் இப்படி நின்றால் திரும்ப ஈரத்தை இழுக்கும், முத்திரை அதைத் தடுக்காது. ஒரு பலெற்றும் மேலே ஒரு தறப்பாளும் போதும். பிளாஸ்ரிக்கால் இறுக்கிச் சுற்றி வந்ததென்றால் உள்பக்கம் நீர்த்துளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பல்க் பையாக எடுப்பவர்கள் பக்கத்தில் வலை வைத்துத் தைத்த காற்றோட்டப் பை கேளுங்கள். மணல் வருகிற சாதாரணப் பை விறகுக்கு ஆகாது.

எடைக்கு விலை பேசாதீர்கள். ஊரில் அந்தர் என்ற எடைக் கணக்கில் வாங்கும்போதே அம்மம்மா கட்டைகள் இரண்டைத் தட்டிப் பார்ப்பா. காய்ந்ததென்றால் கணீரென்று கேட்கும், ஈரமென்றால் சத்தம் அமுங்கிவிடும். எடைக்குப் பேசினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

இந்தக் குளிருக்கு முன் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முத்திரையும் எண்ணும் இல்லாத விறகை எவர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஈரம் பார்க்கும் மீற்றர் ஒன்று இருபது பவுணுக்குள் கிடைக்கும். நாலு கடைக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். அடுத்த லோட் இறங்கும்போது, கொண்டுவந்தவர் நிற்கும்போதே, நடுப்பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். கோடாலி இல்லையென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கென்ற் விறகு யார்டிலிருந்து
உங்கள் தம்பி ஒருவன்