மின் ஆற்றங்கரையிலிருந்து சந்தானத்துக்கு

செங்டு,
ஏப்ரல் 12

அன்புள்ள சந்தானம்,

நீ அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் கேட்டேன். பதிலை எழுதியே அனுப்புகிறேன். பேச ஆரம்பித்தால் பேத்தி வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடு. குனிந்து வயல் வரப்பைப் பார்க்கிற வேலையை ஒரு மாசம் ஒத்திப்போடு.

இங்கே சீனாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் ரசம் வைக்கிறாள், மாப்பிள்ளை மிளகாயை வெளியே சாப்பிட்டுக்கொள்கிறார். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ரெண்டு பேரும் என்னைப் பாண்டா பூங்காவுக்கு இழுத்துப் போனார்கள். பார்த்தேன். மூங்கில் தின்கிறது, தூங்குகிறது. எனக்குப் பார்க்க வேண்டியது வேறு ஒன்று என்று அப்போதே சொல்லிவிட்டேன். கல்லூரியில் பாசனப் பாடம் எடுத்த வாத்தியார் கரும்பலகையில் ஒரு படம் போடுவாரே, ஆற்றின் நடுவில் மீன் தலை மாதிரி, ஞாபகம் இருக்கிறதா? நீ அதற்குக் கண்ணும் செதிலும் போட்டு அடி வாங்கினாய். அந்த மீனைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தூஜியாங்யான். செங்டுவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். மின் என்கிற ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்குகிற இடம். நமக்கு முக்கொம்பு, கல்லணை எப்படியோ அப்படி. ஆனால் இங்கே மலை அங்கேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறது. அவ்வளவு சரிவிலிருந்து வந்த தண்ணீர் திடீரென்று தட்டையான நிலத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லும் மணலும் கொட்டி, படுகை மேடிட்டு, வெள்ளத்தில் சமவெளி முழுக்க முங்கும். கோடையில் அதே சமவெளி காயும். சின் என்கிற பழைய சீன அரசு கி.மு. 316-இல் இந்தப் பிரதேசத்தைப் பிடித்தது. பிறகு இங்கே ஆளுநராக வந்த லி பிங் என்பவர் கி.மு. 256 வாக்கில் இந்த வேலையை ஆரம்பித்தார். இன்றைக்கு 16 லட்சம் ஏக்கருக்கும் மேல் இதில் பாய்கிறது.

ஆற்றுக்குக் குறுக்கே அந்த மனுஷன் அணை கட்டவில்லை. அதுதான் விஷயம். ஆற்றின் நடுவில், நீளவாக்கில், மூக்கை மலைப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு கரை. மீன்வாய் என்றே பெயர். ஆறு அதில் மோதி ரெண்டாகப் பிரிகிறது. வெளியாறு பழைய ஆறு, அகலம், ஆழம் குறைவு. உள்ளாறு குறுகல், ஆழம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆழமான பக்கம்தானே போகும்? பத்தில் ஆறு பங்கு உள்ளாற்றில் இறங்கி வயலுக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் அகலமான பக்கம் முந்திக்கொள்கிறது. ஆறு பங்கு வெளியாற்றில் போய்விடும். ஷட்டர் இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புகிற லஸ்கர், அதாவது மதகுக் காவல்காரர், இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நாம் மல்லுக்கட்டிப் பிரித்ததை இங்கே படுகையின் வடிவமே பிரித்துக்கொடுக்கிறது. (இப்போது வெளியாற்றில் ஷட்டர் இருக்கிறது, 1974-இல் வைத்தார்கள். அதை அப்புறம் சொல்கிறேன்.)

இடத்தைத் தேர்ந்ததில் இன்னொரு கெட்டிக்காரத்தனம். மீன்வாய் ஒரு வளைவில் இருக்கிறது. வளைவில் மேல்தண்ணீர் வெளிவிளிம்புக்கு ஒதுங்கும், அடியில் உருண்டு வருகிற மணல் உள்விளிம்புக்குத் தள்ளப்படும். உள்ளாறு இருப்பது வெளிவிளிம்பில். தெளிந்த நீர் இந்தப் பக்கம், வண்டலும் கல்லும் பெரும்பாலும் அந்தப் பக்கம்.

அப்படியும் கொஞ்சம் மணல் உள்ளே வரத்தான் செய்யும். உள்ளாறு கடைசியில் போய் நுழைகிற இடம் ஒரு மலைக் கீறல். சீசாக் கழுத்து என்கிறார்கள். 20 மீட்டர் அகலம்தான். வெடிமருந்து இல்லாத காலம். பாறை மேல் விறகை அடுக்கி எரித்து, சூடு ஏறியதும் தண்ணீர் ஊற்றி, விண்டதைப் பெயர்த்து எடுத்தார்களாம். எட்டு வருஷம் ஆனதாகச் சொல்கிறார்கள். இந்தக் கழுத்து கொள்கிற அளவுக்கு மேல் ஒரு சொட்டு சமவெளிக்குப் போகாது. மிஞ்சுகிற தண்ணீர் எதிர்ப்பாறையில் முட்டிச் சுழன்று திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் மிகை நீர் வழிய ஒரு தாழ்வான கலிங்கு, படுகையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பறக்கும் மணல் என்று பெயர். சுழலில் சிக்கிய மணலும் கூழாங்கல்லும் அதன் மேலாக வெளியாற்றுக்கு வீசப்படுகின்றன. தொங்குபாலத்தில் நின்று பார்த்தேன். பாலம் ஆடுகிறது, பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டுமென்றே குதிக்கிறார்கள், மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். கீழே தண்ணீர் பச்சையாகக் கண்ணாடி போல வந்து, மீன்வாயைத் தொட்டதும் வெண்மையாக உடைகிறது. ஒரு மணி நேரம் நகரவில்லை.

நான் போனது சிங்மிங் நாளில், இவர்கள் முன்னோரைக் கும்பிடுகிற நாள், போன வாரம். தண்ணீர் திறப்புத் திருவிழா. அந்தக் காலத்தில் ஐப்பசி வாக்கில் வெளியாற்றை அடைத்துத் தூர் வாருவார்கள். அது முடிந்ததும் தை கடைசியில் உள்ளாற்றை அடைத்து அதை வாருவார்கள். சிங்மிங்கில் திறப்பு. அடைக்கிற விதத்தைக் கேள்: மரக் கட்டைகளை முக்காலி மாதிரி கட்டி வரிசையாக ஆற்றில் நிறுத்தி, கல் நிரப்பிய கூடையை ஏற்றி பாரம் கொடுத்து, முன்பக்கம் மூங்கில் பாய் வைத்துக் களிமண் அப்புவது. என்ன அது? கொரம்பு! நாணலும் சவுக்கு முளையும் வைத்து நம் ஆட்கள் ஆற்றுக்குள் தற்காலிகமாகப் போடுகிற அதே தடுப்பு. திறக்கும்போது கயிற்றை வெட்டி இழுத்தால் முக்காலிகள் சாய்ந்துவிடும். இப்போது அதை வேடம் கட்டிச் செய்து காட்டுகிறார்கள். ஒலிபெருக்கி, உடுக்கை, ஏகப்பட்ட செல்போன். ஆனாலும் கோடாரி விழுந்து, முதல் முக்காலி சாய்ந்து, தண்ணீர் எட்டிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்பெல்லாம் இளவட்டங்கள் கரையோடு ஓடி, வருகிற தண்ணீரின் தலையில் கல்லால் அடிப்பார்களாம், அடங்கி நடக்கட்டும் என்று. நாம் மேட்டூர்த் தண்ணீர் வந்த அன்று புதுத்தண்ணீரில் பூப்போட்டோம். இவர்கள் மண்டையில் போட்டிருக்கிறார்கள்.

கரையெல்லாம் எதனால் கட்டினார்கள் என்று நினைக்கிறாய்? மூங்கில் பின்னி, நீளமாகத் தலையணை உறை மாதிரி கூடு செய்து, அதில் ஆற்றுக் கூழாங்கல்லை அடைத்து அடுக்கியது. நாம் கம்பிவலைக் கூட்டில் கல் போட்டு கேபியன் என்று எஸ்டிமேட்டில் எழுதினோமே, அதன் கொள்ளுத் தாத்தா. ஒரு கூட்டை அங்கே வைத்திருக்கிறார்கள், கையால் அழுத்திப் பார்த்தேன், கொடுக்கிறது. சில வருஷத்தில் மக்கிப்போகும். மறுபடி பின்னுவார்கள். பெருவெள்ளத்தில் அந்தக் கலிங்கே பிய்த்துக்கொண்டு போய், ஆற்றைப் பழைய வழிக்கு விட்டுவிடும். ஊர் தப்பிக்கும்.

இது அவமானமாகப் பட்டிருக்கிறது பின்னால் வந்தவர்களுக்கு. வருஷா வருஷம் கூடை பின்னுவதா? 14-ஆம் நூற்றாண்டில் மீன்வாயில் இரும்பு ஆமை வார்த்து வைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் டன் கணக்கில் இரும்பில் ரெண்டு எருது. எல்லாவற்றையும் ஆறு கொண்டுபோயிற்று. 1877-இல் சிச்சுவான் கவர்னர் டிங் பாவோசென் கூடையை எடுத்துவிட்டுக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினார். மறு வருஷமே வெள்ளம் பிய்த்தது, அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. குங் பாவோ சிக்கன் என்று நம் ஊர் ஓட்டல்களிலும் போடுகிறார்களே, அது அவர் பட்டப் பெயரில் வந்தது. கோழி நிலைத்தது. 1933-இல் மேலே மலையில் பூகம்பம், சரிந்த மண் ஆற்றை அடைத்து ஏரியாகி, ஆறு வாரம் கழித்து உடைத்துக்கொண்டு வந்து மீன்வாயை வழித்துப் போட்டது. இப்போது நீ படத்தில் பார்க்கிற மீன்வாய் சிமெண்டு. லி பிங் கைவைத்த கல் ஒன்றுகூட அங்கே இருக்காது. மீன்வாய் நின்ற இடமே காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது. 2,200 வருஷத்து வேலை என்று பலகையில் போட்டிருப்பதைப் படித்து மாப்பிள்ளை, "அப்படியானால் இதில் எது மாமா பழசு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தூர் வாருவது பழசு என்றேன்.

கோயில் சுவரில் ஆறே எழுத்தில் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: படுகையை ஆழ வாரு, கலிங்கைத் தாழக் கட்டு. எவ்வளவு ஆழம்? அதற்கு உள்ளாற்றுப் படுகையில் இரும்புத் தடிகளைப் புதைத்திருக்கிறார்கள். தடி கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். அளவுப் புத்தகத்தில் இல்லாத கன மீட்டரை எழுதிப் பில் போட முடியாது, சந்தானம்! நம் காலத்தில் ஒரு தடி இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு கட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த 1974 ஷட்டர் சமாசாரம்: அந்த வேலையின்போது படுகையில் ஒரு கற்சிலை கிடைத்தது. லி பிங்கின் சிலை. கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம், கையைச் சட்டைக்குள் கோத்துக்கொண்டு லேசான சிரிப்பு. செதுக்கிய வருஷம் கி.பி. 168 என்று அதன் மேலேயே இருக்கிறது. வைத்தது யார் தெரியுமா? ராஜா இல்லை. நீர்வள இலாகா உத்தியோகஸ்தர்கள் ரெண்டு பேர். நம் ஜாதி. அதன் முன்னால் மட்டும் நின்று கும்பிட்டேன்.

கும்பிட்டபோது எனக்கு யார் நினைவுக்கு வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கிழ லஸ்கர்தான். இடம், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற அந்தத் தலைப்பு. வருஷம் தவறாமல் கொரம்பு போடுகிற செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் ஆற்றுக்குள் கான்கிரீட் சுவர் எழுப்பினேனே. கிழ லஸ்கர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "எந்த எடத்துல போடணும்னு வருசா வருசம் ஆறுதானே சொல்லும் சார்" என்றார். அவருக்கு டிராயிங் படிக்கத் தெரியாது என்று நான் உன்னிடமே சொல்லிச் சிரித்தேன். ரெண்டாம் வருஷ வெள்ளத்தில் ஆறு சுவரைத் தொடவே இல்லை. பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போய்விட்டது. நீ சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு இத்தனை வருஷம் கழித்து நன்றி.

அடுத்த மாசம் 18 ஊருக்கு வந்துவிடுவேன். உனக்கு இங்கிருந்து ஒரு சின்ன மூங்கில் கூடு, கல் போட்டது, கடையில் விற்கிறார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். கண் தேறினதும் உன் பையனை வண்டி எடுக்கச் சொல்லி அந்தப் பக்கம் ஒரு தடவை போய்வா. சுவர் இன்னும் மணலுக்கு நடுவில் நிற்கிறதாமே, ஆடு ஏறிப் படுத்துக்கொள்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஆட்டோடு.

என்றும் உன்,
ரங்கு